மணல்மேட்டோரம் கூடாரம்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலோரத்தில், மணல்மேடுகளுக்குப் பின்னால் இருக்கும் அமைதியான முகாம்தளம் ஒன்றில் கூடாரம் போட்டு, இரண்டு மூன்று ராத்திரி தங்கிவர வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேடினால் படங்களும் புகழ்ச்சியும் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் எந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும், எந்தச் செலவு கடைசி நேரத்தில் தலைகாட்டும், கூடாரக் கயிற்றைத் தரையில் பிடித்துவைக்கும் சாதாரண முளை ஏன் மணலில் நிற்காது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்பவர்கள் இல்லை. நான் ஒவ்வொன்றாகக் கேட்டு, அலைந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நீங்களும் அப்படி அலைய வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமைதியான தளம் என்றால் பக்கத்தில் கடை கிடையாது, உதவிக்கு ஆள் குறைவு, போனில் சிக்னல் வந்தால் உண்டு. அதோடு காற்று, மணல், உப்பு மூன்றும் ராத்திரி பகலாக உங்கள் சாமான்களைச் சோதிக்கும். அதனால் வேலையில் முக்கால்வாசி வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

பள்ளி விடுமுறையும் நீண்ட வார இறுதியும் வேண்டாம். எவ்வளவு ஒதுக்குப்புறமான தளமாக இருந்தாலும் அந்த நாட்களில் நிரம்பிவிடும். சீசன் தொடங்கும்போதும் முடியும்போதும் வருகிற வார நாட்கள்தான் புதியவர்களுக்கு நல்லது. கூட்டம் இருக்காது, கட்டணமும் பல இடங்களில் குறையும். ஆனால் ஒரு எச்சரிக்கை: சீசன் முடிந்ததும் சில தளங்களில் தண்ணீர்க் குழாயை அடைத்துவிடுவார்கள், குளியலறையைப் பூட்டிவிடுவார்கள். தளம் திறந்திருக்கிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டாதீர்கள். தண்ணீர் வருமா, கழிப்பறை திறந்திருக்குமா என்று தனியாகக் கேளுங்கள்.

புயல் வீசும் பருவம் அந்தக் கடற்கரைக்கு எப்போது என்று பாருங்கள். அந்த மாதங்களை அப்படியே ஒதுக்கிவிடுங்கள், இதில் பேரம் இல்லை. பறவைகள் மணலில் முட்டையிடும் காலத்திலும், ஆமைகள் கரையேறும் காலத்திலும் கடற்கரையின் ஒரு பகுதியை மூடிவைப்பார்கள். போகலாம், ஆனால் நடக்க இடம் சுருங்கும். நாய் கூட வருவதாக இருந்தால் அந்தக் காலத்தில் அனுமதியே இல்லாமலும் போகலாம்.

நாள்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி எப்போது வருகிறது என்றும் பார்த்துவிடுங்கள். அந்த நாட்களை ஒட்டிக் கடல் வழக்கத்தைவிட அதிகமாக ஏறும், அதிகமாக உள்வாங்கும். கரை குறுகலான இடம் என்றால் நடைபாதையே தண்ணீருக்குள் போய்விடும். ஆனால் நட்சத்திரம் பார்க்கும் ஆசை இருந்தால் அமாவாசையை விட்டால் வேறு நாள் இல்லை. எது முக்கியம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

2. முன்பதிவும் இடத் தேர்வும்

அரசுப் பூங்காத் துறைகள் நடத்தும் தளங்களில் முன்பதிவு மாதக்கணக்கில் முன்னாலேயே திறக்கும். ஆறு மாதம் என்பது பல இடங்களில் வழக்கம். எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று பார்த்து, அதற்கு முன்பே கணக்கு தொடங்கி, வண்டி எண், ஆட்களின் பெயர் எல்லாவற்றையும் பதிந்து வைத்துவிடுங்கள். திறந்த பிறகு அவற்றை நிரப்ப உட்கார்ந்தால், நிரப்பி முடிப்பதற்குள் நல்ல இடங்கள் போய்விடும்.

இடம் கிடைக்கவில்லை என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். பணம் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள் என்று ஒன்று இருக்கும். அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில்தான் மனம் மாறியவர்கள் ரத்து செய்வார்கள். அந்த நாட்களில் காலையும் மாலையும் ஒருமுறை பாருங்கள், பெரும்பாலும் ஏதாவது அகப்படும். முன்பதிவே இல்லாமல் முதலில் வருபவருக்கு இடம் தரும் தளங்களும் உண்டு. அங்கே வார நடுவில், முதல்நாள் தங்கியவர்கள் காலி செய்யும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றால் வாய்ப்பு அதிகம்.

வரைபடத்தைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, கடலைப் பார்த்தபடி இருக்கும் இடம் படத்துக்கு அழகு, தூங்குவதற்கு இல்லை. மேட்டுக்குப் பின்னால், காற்று மறைவில், புதர் ஓரமாக இருக்கும் இடம் கேளுங்கள். இரண்டாவது, இரண்டு மேடுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளம் வேண்டாம். அங்கே நிலத்தடி நீர் மேற்பரப்புக்கு மிகப் பக்கத்தில் இருக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் பாய்க்கு அடியில் தண்ணீர் ஊறும், கொசுவும் அங்கேதான் அடையும். மூன்றாவது, வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து உங்கள் இடம் எவ்வளவு தூரம்? 300 மீட்டர் என்று படித்தால் பெரிதாகத் தோன்றாது. இளகிய மணலில், தண்ணீர்க் கேனோடு, நான்கு நடை போய்வரும்போது அந்த 300 மீட்டரின் நீளம் தெரியும்.

3. காகிதங்கள்

இவற்றைக் காகிதமாகவே எடுத்துப் போங்கள். போனில் இருக்கிறது என்று நம்பிப் போனால், வாசலில் சிக்னல் இல்லாமல் திண்டாட வேண்டியிருக்கும். ஒரு நெகிழி உறையில் போட்டு வைத்தால் உப்புக்காற்றுக்கும் பனிக்கும் நமுத்துப் போகாது.

• முன்பதிவு உறுதிச்சீட்டு, பணம் கட்டிய ரசீது. இரண்டும் வேறு வேறு. சில தளங்களில் இரண்டையும் கேட்பார்கள்.
• முன்பதிவு செய்தவரின் அடையாள அட்டை. யார் பெயரில் பதிவோ அவர் நேரில் இருக்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி. நண்பர் பெயரில் பதிந்துவிட்டு அவர் மறுநாள் வருவதாக இருந்தால், முன்பே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.
• வண்டியின் பதிவுச் சான்றும் காப்பீடும். வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். மணலில் ஓட்டக் கூடாது, ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பலவற்றில் எழுதியிருக்கும்.
• நெருப்பு மூட்ட, மீன்பிடிக்க, கடற்கரையில் வண்டி ஓட்ட அனுமதிச்சீட்டு. மூன்றும் தனித்தனி. முகாம் சீட்டு இருந்தால் இவையெல்லாம் தானாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.
• நாய் கூட வந்தால் வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று.
• பெற்றோர் கூட வராத சிறுவர்கள் இருந்தால் பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் தொலைபேசி எண்ணும்.

இதோடு இன்னொரு காகிதம் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் தங்கும் நாட்களுக்கான ஓத அட்டவணை, அதாவது கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்ற நேரப் பட்டியல். இதை அச்செடுத்துக் கூடாரத்தின் உள்பையில் வைத்துவிடுங்கள். அங்கே போன பிறகு அதிகமாக எடுத்துப் பார்க்கப்போவது இதைத்தான்.

4. செலவு

இணையத்தில் பெரிதாகப் போட்டிருப்பது ஒரு ராத்திரிக்கான இடக் கட்டணம் மட்டும். அது ஒரு கூடாரத்துக்கா, ஓர் ஆளுக்கா என்று முதலில் பாருங்கள். அதற்கு மேல் வண்டி நுழைவுக் கட்டணம், அதுவும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று. அப்புறம் முன்பதிவுக்கான சேவைக் கட்டணம். ரத்து செய்தாலும் இது திரும்பாது. இரண்டாவது கூடாரம், இரண்டாவது வண்டி, நாய், வெந்நீர்க் குளியல், விறகு, சாவிக்கான முன்பணம் என்று ஒவ்வொன்றும் தனிக் கணக்காக வரலாம். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, ராத்திரிகளால் பெருக்கிப் பாருங்கள். ஒரு தளத்தில் கடைசியாக வந்த தொகை, முதலில் பார்த்த கட்டணத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. எதுவும் மறைக்கப்பட்டதல்ல, எல்லாம் சின்ன எழுத்தில் இருந்தவைதான்.

ரொக்கம் கொண்டு போங்கள், சில்லறையாக. சிக்னல் இல்லாத இடத்தில் அட்டை இயந்திரம் வேலை செய்யாது. ஆளில்லாத வாசலில் உறையில் பணத்தைப் போட்டுப் பெட்டியில் இடச் சொல்லும் தளங்களும் உண்டு. அங்கே மீதி கொடுக்க ஆள் இருக்காது.

சாமான்களுக்கு முதல்முறையே பணத்தைக் கொட்ட வேண்டாம். கூடாரத்தை இரவல் வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். ஆனால் எடுப்பதற்கு முன் வீட்டிலேயே ஒருமுறை விரித்துப் பாருங்கள். கம்புகளில் விரிசல், ஜிப்பில் பல் விட்டுப்போனது எல்லாம் அப்போதுதான் தெரியும். காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் படுக்கும் பாயில் செலவழியுங்கள். மணல் மெத்தென்று இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ராத்திரி குளிர்ந்து இறுகிய மணல் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். முதுகுக்குக் கீழே நல்ல தடுப்பு இல்லாவிட்டால் போர்வை எத்தனை இருந்தும் பயன் இல்லை.

5. எதை எடுத்துப் போவது

பொதுவான பட்டியல்கள் எங்கும் கிடைக்கும். மணலுக்கென்று வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

கூடாரம் தாழ்வாக, கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கட்டும். நெட்டையாக, சுவர் நிமிர்ந்து நிற்கும் கூடாரம் காற்றுக்கு ஆகாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மாலையில் சும்மா படபடத்த கூடாரம் ராத்திரி கம்பு வளைந்து நிற்பது அதனால்தான். உள்கூடாரம் முழுக்க வலையாக இருந்தால் நுண்மணல் அதன் வழியே பெய்து, காலையில் தலையணை எல்லாம் மணலாக இருக்கும். கீழ்ப்பாதியாவது துணியாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் இங்கே எதற்கும் உதவாது. மணலுக்கென்று 30 முதல் 40 சென்டிமீட்டர் நீளத்தில், அகலமான தகடுபோல வரும் முளைகள் உண்டு. அவை இல்லாவிட்டால் பரவாயில்லை, கெட்டியான துணிப்பைகள் எட்டோ பத்தோ போதும். அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று அடுத்து வருகிறது. கூடுதல் கயிறு, ஒரு சின்ன மண்வெட்டி, ஒரு மெல்லிய பிரஷ், கால் கழுவ ஒரு அகலமான தட்டு, கூடார வாசலில் போட ஒரு பழைய பாய். சிவப்பு வெளிச்சம் தரும் தலைவிளக்கு. இழுத்துப்போகும் வண்டி எடுப்பதாக இருந்தால் சக்கரம் அகலமாக இருக்க வேண்டும். மெல்லிய சக்கரம் மணலில் புதைந்துவிடும், கடைசியில் நீங்கள்தான் வண்டியையும் சேர்த்துத் தூக்குவீர்கள்.

தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் கணக்கு வையுங்கள். கை, பாத்திரம் கழுவ அதற்கு மேல். கடலோரக் குழாயில் வரும் நீர் உவர்ப்பாக இருக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது.

6. போய்ச்சேரும் நேரம்

மதியம் தாண்டியதும் போய்ச்சேர்வது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பகலில் நிலம் சூடாக ஆகக் கடற்காற்று வலுக்கும், பிற்பகலில்தான் அது உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் புதிதாக ஒருவர் கூடாரத்தைப் பிரித்தால் துணி கையில் நிற்காது. உள்ளே விடும் நேரத்தைக் கேட்டு, திறந்ததும் நுழைகிறாற்போல் கிளம்புங்கள். தாமதமானால் மாலை காற்று தணிந்த பிறகு, வெளிச்சம் இருக்கும்போதே போடுங்கள். சில தளங்களில் பொழுது சாய்ந்ததும் வாசலைப் பூட்டிவிடுவார்கள், வழியில் சாப்பிட நிற்கும் முன் அதையும் கணக்கில் எடுங்கள்.

கிளம்பும் முன்நாள் காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். மழையைவிட இது முக்கியம். மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டினாலே உலர்ந்த மணல் தரையோடு ஓட ஆரம்பிக்கும். 30 தாண்டினால் புதியவர்களுக்குச் சிரமம். 40க்கு மேல் என்று சொன்னால் தேதியை மாற்றுங்கள். கட்டிய பணம் போனாலும் சரி.

மணலில் ஓட்ட அனுமதி உள்ள தளமாக இருந்து, நாற்சக்கர இயக்கம் உள்ள வண்டியாகவும் இருந்தால், இறங்கும் முன் டயர் காற்றைக் குறைக்க வேண்டும். வழக்கமாக 15 முதல் 20 பிஎஸ்ஐ வரை. தார்ச்சாலை ஏறும் முன் திரும்ப நிரப்ப வேண்டும், அதற்குப் பம்ப் வண்டியிலேயே இருக்க வேண்டும். வேறெந்த வண்டியாக இருந்தாலும் கெட்டித் தரையிலேயே நிறுத்திவிட்டு நடங்கள்.

7. கூடாரம் போடுவது

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். ராத்திரி தூக்கம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு பிடி மணலை இடுப்பு உயரத்திலிருந்து மெதுவாக விடுங்கள். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுதான் தரைக்கு அருகே காற்று போகும் திசை. மேடுகளுக்கு நடுவே காற்று சுழன்று வரும், முன்னறிவிப்பில் சொன்ன திசையும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கூடாரத்தின் குறுகிய, தாழ்ந்த பக்கம் காற்றைப் பார்க்கட்டும், வாசல் எதிர்ப்பக்கம் இருக்கட்டும். மேட்டின் சரிவுக்கு மிக அருகிலும் போட வேண்டாம். மேட்டைத் தாண்டும் காற்று மறுபக்கத்தில் மணலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

துணியை விரித்ததும், கம்பைத் தொடும் முன், நான்கு மூலையிலும் கனமான எதையாவது வையுங்கள். தண்ணீர்க் கேன் போதும். காற்று வரும் பக்கத்து மூலைகளை முதலில் கட்டிவிட்டுத்தான் கம்பை எழுப்ப வேண்டும்.

இப்போது பை நங்கூரம். துணிப்பையில் முக்கால் பாகம் மணலை நிரப்பி வாயைக் கட்டுங்கள். கூடாரக் கயிற்றை அதன் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போடுங்கள். கூடாரத்திலிருந்து கயிறு போகும் திசையில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி. மேலே இருக்கும் வெள்ளை மணல் சரசரவென்று உள்ளே சரியும். இன்னும் கொஞ்சம் தோண்டினால் நிறம் மாறி, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற ஈர மணல் வரும். பை அந்த ஈரத்தில் உட்கார வேண்டும், கயிற்றுக்குக் குறுக்காக, படுத்த வாக்கில். குழியின் விளிம்பிலிருந்து கூடாரம் நோக்கி மண்வெட்டி முனையால் ஒரு சின்னச் சாய்வான வாய்க்கால் கீறிவிடுங்கள். கயிறு அதில் நேராகப் படுத்து வர வேண்டும். இந்த வாய்க்கால் இல்லாவிட்டால் கயிறு விளிம்பில் மடங்கி, இழுக்க இழுக்கப் பையை மேலே தூக்கும். மணலைத் தள்ளி மூடி, காலால் நன்றாக மிதித்து, ஒரு குவளை கடல்நீரை மேலே ஊற்றுங்கள். இரண்டு கையாலும் கயிற்றை இழுத்துப் பாருங்கள். அசையக் கூடாது. அசைந்தால் தோண்டி, இன்னும் ஒரு சாண் ஆழமாகப் போடுங்கள்.

காற்று வரும் பக்கத்தில் ஒவ்வொரு கயிற்றுக்கும் இப்படி ஒரு பை. மறுபக்கத்தில் அகல முளை போதும். ராத்திரி படுக்கப் போகும் முன் எல்லாக் கயிற்றையும் ஒருமுறை இறுக்குங்கள். பனியில் நனைந்தால் சில துணிகள் தொய்யும், மணலும் கொஞ்சம் இளகியிருக்கும்.

காற்று அதிகம் என்பதற்காக எல்லா வாய்களையும் அடைத்துவிடாதீர்கள். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். மூச்சுக்காற்றின் ஈரமும் சேர்ந்து விடியற்காலையில் உள்துணியில் நீர் சொட்டும். காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஒரு திறப்பு இருந்தே ஆக வேண்டும்.

8. அடுப்பும் நெருப்பும்

கூடாரத்துக்குள் அடுப்பு எரிக்கக் கூடாது. மழை பெய்தாலும், காற்று அடுப்பை அணைத்துக்கொண்டே இருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். வெளியே காற்று மறைப்பு வையுங்கள், ஆனால் சிலிண்டர் மேலேயே பர்னர் இருக்கும் அடுப்பைச் சுற்றிலும் முழுசாக அடைத்தால் சிலிண்டர் சூடேறும், அது ஆபத்து. மூன்று பக்கம் மறைத்து ஒரு பக்கம் விடுங்கள். முதல் ராத்திரிக்கு வீட்டில் சமைத்ததையே கொண்டு போவது நல்லது. களைத்துப்போய், காற்றில் அடுப்போடு மல்லாடுவதைத் தவிர்க்கலாம்.

நெருப்பு மூட்ட அனுமதி இருந்தால் அதற்கென்று ஒதுக்கிய வளையத்தில் மட்டும். கரையில் ஒதுங்கிய கட்டையை எரிக்க வேண்டாம். உப்பில் ஊறிய கட்டையின் புகையில் நச்சுப் பொருட்கள் இருக்கும். விறகை ஊரிலிருந்து ஏற்றிக்கொண்டு போவதையும் பல தளங்கள் தடுக்கின்றன. மரத்தை அரிக்கும் பூச்சிகள் விறகோடு பயணம் செய்து புது இடத்தில் பரவிவிடும் என்பதால். அங்கேயே வாங்குங்கள்.

அணைக்கும்போது மணலைப் போட்டு மூடுவதுதான் மிக ஆபத்தான பழக்கம். பார்ப்பதற்கு அணைந்ததுபோலத் தெரியும். அடியில் கங்கு பல மணி நேரம் சூடாகவே இருக்கும், அடையாளமும் இருக்காது. மறுநாள் காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தை அதில் கால் வைக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று உறுதியான பிறகுதான் நகர வேண்டும்.

9. கடல்

பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு நீரேற்றத்துக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதாவது நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று இந்த நேரத்துக்கு நடந்து போன வழி இன்றும் திறந்திருக்கும் என்று நம்பக் கூடாது. நீளமாக நடக்கப் போனால் கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போது கிளம்பி, அடிமட்டம் தொடும்போது திரும்புங்கள்.

கரையில் பாசியும் சிப்பியும் குச்சியுமாக ஒரு கோடு கிடக்கும். கடைசியாக ஏறிய நீர் எதுவரை வந்தது என்பதன் அடையாளம் அது. சில நாள் இரண்டு கோடுகள் இருக்கும், மேலே காய்ந்தது ஒன்று, கீழே ஈரமாக ஒன்று. மேல் கோட்டை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். துணி, செருப்பு, நாற்காலி எதுவும் அதற்குக் கீழே வேண்டாம்.

அமைதியான கரையில் உயிர்காப்பாளர் இருக்க மாட்டார். அலை உடையாமல், நீர் கலங்கலாக, ஒரு சந்துபோலக் கடலை நோக்கிப் போகும் இடம் தெரிந்தால் அங்கே இறங்காதீர்கள். அது இழுப்பு நீரோட்டம். அமைதியாகத் தெரிவதால்தான் ஆட்கள் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்திப் போராடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்ப வேண்டும். சக்தி இல்லை என்றால் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.

குழந்தைகள் மணலில் குழி தோண்டினால் முழங்கால் ஆழத்தோடு நிறுத்துங்கள். ஆழமான குழியின் சுவர் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சரியும், உள்ளே இருப்பவரை நொடியில் மூடும். இதில் உயிர் போயிருக்கிறது. மேட்டின் செங்குத்தான பக்கத்தில் குடைவதும் அப்படித்தான்.

வெயிலைப் பற்றி ஒன்று. உலர்ந்த மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், கடல் நுரை 25 சதவீதம் வரை. குடைக்குள் உட்கார்ந்திருந்தாலும் தோல் கன்றுவது இதனால்தான். நடுப்பகலில் மணல் 50 டிகிரியைத் தாண்டும், செருப்பு இல்லாமல் நடக்க வேண்டாம்.

10. மேட்டில் ஏறாதீர்கள்

புதியவர்கள் முதலில் செய்ய விரும்புவது மேட்டின் மேல் ஏறிப் படம் எடுப்பது. தயவுசெய்து வேண்டாம். அந்த மேட்டைப் பிடித்துவைத்திருப்பது வேர்தான். வெப்பநாடுகளில் அடம்பங்கொடியும் ராவணன் மீசையும், குளிர்நாடுகளில் மாரம் புல்லும். அலைக்கும் காற்றுக்கும் உப்புக்கும் ஈடுகொடுக்கிற இந்தச் செடிகள் மனிதன் மிதித்தால் தாங்காது. ஒரு வழித்தடத்தில் புல் செத்ததும் அந்த இடத்தில் காற்று புகுந்து மணலை அள்ளும். பள்ளம் அகலமாகும், மேடு உடையும், அதன் பின்னால் இருக்கும் முகாம்தளமும் மணலுக்குள் போகும். பலகைப் பாதை இருந்தால் அதில் மட்டும் நடங்கள், சுற்றுவழியாக இருந்தாலும்.

கரையில் பறவைக் கூடு என்று எதுவும் கண்ணில் படாது. மணலில் ஒரு சின்னக் குழி, அதில் மணல் நிறத்திலேயே முட்டை. கயிறு கட்டித் தடுத்திருந்தால் அதற்குள் போகாதீர்கள். தாய்ப்பறவை நொண்டுவதுபோலச் சிறகை இழுத்துக்கொண்டு உங்கள் முன்னால் ஓடினால், கூட்டுக்கு மிக அருகில் நிற்கிறீர்கள் என்று பொருள். வந்த காலடியிலேயே திரும்புங்கள்.

புல் பகுதிக்குப் பக்கத்தில் நடந்துவிட்டு வந்தால் கணுக்கால், முழங்கால் மடிப்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

11. ராத்திரி

ராத்திரி 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது பெரும்பாலான தளங்களில் விதி. மணல்வெளியில் பேச்சு வெகுதூரம் போகும், ஸ்பீக்கரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஆமைக்குஞ்சு பொரிக்கும் கரையில் வெள்ளை வெளிச்சம் குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துவிடும். தலைவிளக்கை சிவப்பில் வையுங்கள், அதையும் கடல் பக்கம் திருப்பாதீர்கள்.

சாப்பாட்டுப் பொருள் எதையும் வெளியே வைக்க வேண்டாம், கூடாரத்துக்குள்ளும் வேண்டாம். வாசனைக்கு வரும் பிராணி துணியைக் கிழிக்கும். வண்டியில் பூட்டுங்கள், அல்லது மூடி இறுகும் பெட்டியில் வையுங்கள்.

இடி கேட்டால் கூடாரத்தில் இருக்கக் கூடாது. திறந்த மணல்வெளியில் கூடாரக் கம்புதான் உயரமான பொருள். மூடிய வண்டிக்குள் போய், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை அங்கேயே இருங்கள். வண்டிச் சாவியை ராத்திரி எங்கே வைப்பது என்று படுக்கும் முன்பே முடிவு செய்து, கூட வந்த எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

12. கிளம்பும் நாள்

காலி செய்யும் நேரம் பெரும்பாலும் நண்பகலுக்கு முன்னால். அன்று காலை சீக்கிரம் எழுந்து, வெயில் ஏறும்போது கூடாரத்தைக் காயவிட்டுவிட்டு மற்றதைக் கட்டுங்கள். காற்று எழும் முன் மடித்துவிட வேண்டும். மடிக்கும் முன் கூடாரத்தை ஒரு பக்கம் தூக்கி, வாசல் வழியாக மணலைக் கொட்டுங்கள். ஜிப் பல்லில் இருக்கும் மணலைப் பிரஷால் தட்டிவிட்டு அப்புறம் இழுங்கள். மணலோடு இழுத்தால் ஜிப் அன்றோடு சரி.

பைகளைத் தோண்டியெடுத்து, மணலைக் கொட்டி, குழிகளை மூடுங்கள். குப்பையை உங்களோடு எடுத்துப் போங்கள், தொட்டி இருந்தாலும். நிரம்பிய தொட்டியிலிருந்து கடற்காகங்கள் இழுத்துப் போடுவது நேராகக் கடலுக்குத்தான் போகும். முன்பணம் கட்டியிருந்தால் காலி செய்த இடத்தை ஒரு படம் எடுத்துவிட்டு, சாவியைக் கொடுத்து, ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே கூடாரத் துணி, கம்பு, முளை, ஜிப் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கம்புகளின் இணைப்பில் ஒட்டிய உப்பு அலுமினியத்தை அரித்துவிடும், அடுத்தமுறை கம்பு பொருந்தாது. நிழலில் முழுசாக உலர்ந்த பிறகு மடியுங்கள். இரவல் கூடாரமாக இருந்தால் திருப்பிக் கொடுக்கும் நாளை, காய ஆகும் நேரத்தையும் சேர்த்து, கிளம்புவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.